நூற்று நாலில் நின்ற கரடி

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. அதற்கு மாசிலாமணி என்று பெயர் இருந்தது, நூற்றுப்பத்து கிலோ எடையும் இருந்தது. இவற்றில் எதைப் பற்றியும் அதற்கு வருத்தம் இருந்ததில்லை, காட்டு அலுவலகம் அந்த அறிவிப்பை ஒட்டும்வரை.

'தேன் மரம் ஏற இனி உரிமம் தேவை. நூறு கிலோவுக்கு மேற்பட்டோருக்கு உரிமம் இல்லை. கடைசி நாள் பங்குனி முப்பது.'

மாசிலாமணி அறிவிப்பை இரண்டு தடவை படித்தது. அதற்குப் பாட வராது, ஆட வராது, நாலு பேர் நடுவே பேசவும் வராது. வந்தது மரம் ஏறுவது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் கரடிக்கும் கம்பளி மூட்டைக்கும் என்ன வித்தியாசம்?

கொக்கு பரிமளாவிடம் ஓடியது. ஒற்றைக்காலில் நின்று, ஒரே ஒரு மீனைத் தின்று, உடம்பைக் குச்சி மாதிரி வைத்திருந்ததால் காட்டில் அதுதான் உணவு ஆலோசகர்.

"காலையில கீரை, ராத்திரி கஞ்சி, தினமும் மூணு கிலோமீட்டர் நடை. அவ்வளவுதான்" என்றது கொக்கு. காலடிகளை எண்ணும் பட்டை ஒன்றையும் கரடியின் கையில் மாட்டிவிட்டது.

மாசிலாமணி ஆளில்லாத மொட்டைப் பாறையைச் சுற்றிச் சுற்றி நடந்தது. ஒரே மாதத்தில் ஆறு கிலோ போனது. நூற்று நாலு! பரிமளாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"இனிமே ஆறு கிலோமீட்டர். ஆத்தோரமா ஊர்ப் பக்கம் போயிட்டு வா."

அங்கேதான் வண்டி நின்றது. நூற்று நாலு. மறுவாரமும் நூற்று நாலு. தராசைத் துடைத்துப் பார்த்தார்கள். கரடியின் முடியை வாரிப் பார்த்தார்கள். தைராய்டாக இருக்கும் என்றது ஒரு முயல். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டது இன்னொரு முயல். நடையைப் பத்து கிலோமீட்டர் ஆக்கினார்கள். நூற்று ஐந்து ஆனது.

"நடக்க நடக்க ஏறுதே, பரிமளாக்கா!" என்று அழுதது மாசிலாமணி.

"நாளைக்கு நானும் கூட வர்றேன்" என்றது கொக்கு.

மறுநாள் நடை தொடங்கி அரை கிலோமீட்டர்கூட ஆகவில்லை. புதர் விலகியது. காட்டுப்பன்றி செங்கமலம் எட்டிப் பார்த்தது. அது மாசிலாமணிக்கு அப்பா வழியில் அத்தை. கரடிக்குப் பன்றி எப்படி அத்தை என்று கேட்பவர்கள் காட்டில் கல்யாணப் பத்திரிகை படித்ததில்லை.

"அட என் மருமவனே! என்னடா இப்படி உருக்குலைஞ்சு போயிட்ட! கண்ணெல்லாம் உள்ள போயிருச்சே! வா, ஒரு வாய் கிழங்கு தின்னுட்டுப் போ."

ஒரு வாய் என்பது பன்றியின் வாய்க்கணக்கு. அடுத்த திருப்பத்தில் யானைப் பெரியம்மா பலாச்சுளைப் பாயசத்தோடு நின்றது. அதற்கடுத்து உடும்பு மாமா வீட்டில் நெய்யில் வறுத்த ஈசல். பத்து கிலோமீட்டருக்குப் பதினாலு வீடு.

"வேண்டாம்னு சொல்றதுக்கென்ன?" என்று கேட்டது பரிமளா, தன் வாயில் ஒட்டியிருந்த பாயசத்தைத் துடைத்தபடி.

"சொன்னா, கூச்சப்படுறான்னு ரெண்டு கரண்டி சேர்த்து வைக்கிறாங்க அக்கா."

"அப்போ நடக்காதே. வீட்டிலயே படுத்துக்கோ."

மாசிலாமணி குகையில் படுத்தது. முதல் நாள் கால் கிலோ குறைந்தது. இரண்டாம் நாள், கரடி நடைக்கு வரவில்லையே, உடம்புக்கு முடியவில்லையோ என்று ஊரே பதறியது. மூன்றாம் நாள் பதினாலு வீடும் ரொட்டி, ஆரஞ்சு, தூக்குச்சட்டி சகிதம் குகைக்கு வந்துவிட்டது. நடந்தபோது பத்துக் கிலோமீட்டரில் சாப்பிட்டதை இப்போது படுத்த இடத்திலேயே சாப்பிட வேண்டியதாயிற்று. நூற்று ஆறு.

கெடுவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். பரிமளா தலையில் கைவைக்க முடியாமல் காலை வைத்துக்கொண்டது.

"கடைசி வழி ஒண்ணு இருக்கு. அவங்க உன் உடம்பைப் பத்திப் பேசினா, நீ அவங்க உடம்பைப் பத்திப் பேசு."

மறுநாள் அத்தை, "என்னடா இப்படி" என்று ஆரம்பித்ததுமே மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு, "நீங்கதான் அத்தை ரொம்பப் பெருத்துட்டீங்க" என்றது. புதர் மூடிக்கொண்டது. உடும்பு மாமாவிடம் சொன்னது. பொந்து மூடிக்கொண்டது. யானைப் பெரியம்மாவிடம் அதைச் சொன்னபோது காட்டில் சில்வண்டுகூடக் கத்தவில்லை.

பன்னிரண்டு நாள், கரடி நடந்த பாதையில் ஒரு கதவும் திறக்கவில்லை. பங்குனி முப்பதாம் தேதி காலை, அலுவலகத்துக் குமாஸ்தாக் குரங்கு அதைத் தராசில் ஏற்றியது. தொண்ணூற்றொன்பது!

மாசிலாமணி துள்ளிக் குதித்தது. குரங்கு நிதானமாக எழுதி, தாளைத் திருப்பியது.

"ரெண்டாம் பக்கம் எங்கே?"

"ரெண்டாம் பக்கமா?"

"விண்ணப்பதாரர் நல்லவர்னு சொந்தக்காரங்க ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். அஞ்சு மணிக்குள்ள கொண்டா."

மாசிலாமணிக்கு உலகமே இருண்டது. வேறு வழி? அத்தை வீட்டுப் புதர் முன்னால் போய் நின்றது.

"அத்தே."

"நாங்க பெருத்தவங்கப்பா. எந்திரிச்சு வந்து கதவு திறக்க முடியாது."

"தப்புதான் அத்தே. பசியில புத்தி கெட்டுப் போச்சு."

புதர் விலகியது.

"பசியா?"

அடுத்த அரை மணி நேரம் அத்தை பேசவில்லை, பரிமாறியது. முதல் கிழங்கை வாயில் வைத்ததுமே மாசிலாமணிக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்காமல் பன்னிரண்டு நாள் ஓடியிருந்தது. இந்தப் பாழாய்ப்போன உரிமத்துக்காக எவ்வளவு அசிங்கமாகப் பேசிவிட்டோம் என்று அதற்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் இன்னும் எட்டுக் கிழங்கு சாப்பிட்டது. அத்தை குளம்பை மண்ணில் தோய்த்துக் கையெழுத்துப் போட்டது. யானைப் பெரியம்மா லேசில் மசியவில்லை. மூன்று குடம் பாயசம் காலியான பிறகுதான் காலைத் தூக்கியது. தாளின் ஓரம் மட்டும் மிச்சமிருந்தது.

ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மாசிலாமணி அலுவலகத்துக்குள் உருண்டு வந்தது. அது சாய்ந்ததும் மேசை முனகியது. கரடி தராசைப் பயத்தோடு பார்த்தது.

"மறுபடியும் ஏறணுமா சார்?"

"எடை முதல் பக்கம். முதல் பக்கம் முடிஞ்சு போச்சு" என்றது குரங்கு, முத்திரையைக் குத்தியபடி. 'எடை: 99 கிலோ. நல்லவர்.'

அன்று சாயங்காலமே, உரிமத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு, நூற்று ஏழு கிலோ கரடி தேன் மரம் ஏறியது. இருபது வருடமாக நூற்றுப்பத்தைத் தாங்கிய மரம் அது. அறிவிப்பைப் படிக்கத் தெரியாததால், இப்போதும் அசையாமல் நின்றது.

நீதி: எடையைப் படிவத்தில் குறை, உடம்பைச் சொந்தக்காரர்களிடம் விட்டுவிடு.