கதவுக்கு முட்டுக் கொடுத்த கட்டி

சிமெண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு. அவற்றை அடைத்து மனித குலத்தை உய்விக்கும் பெரும் பொறுப்பை ஒரு கட்டுமான நிறுவனம், குளிரூட்டிய கூட்ட அறையில், பிஸ்கட் தின்றபடி ஏற்றுக்கொண்டது. மேசைமேல், பூங்கொத்துக்குப் பக்கத்தில், பால் நிறத்தில் ஒரு பாட்டில் வீற்றிருந்தது. 'நானோ சிலிக்கா' என்று பெயர்.

"ஒரு தலைமுடியை நாலாயிரமாப் பிளந்தா என்ன வருமோ, அவ்வளவுதான் ஒரு துகள்," என்றார் மேலாளர். "சிமெண்டோட சந்து பொந்தெல்லாம் புகுந்து இறுக்கிடும். கட்டடம் அசையாது."

கைதட்டல். விலையைச் சொன்னதும் நின்றது.

"எங்க அவசியமோ அங்க மட்டும் ஊத்துவோம்," என்றார் முதலாளி.

எங்கே அவசியம்? எங்கே சோதிக்கிறார்களோ அங்கே. தளம் போடும்போதெல்லாம் கலவையில் கொஞ்சம் எடுத்து, இரும்பு அச்சில் கட்டியாக வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். கட்டி தாங்கினால் கட்டடமும் தாங்கும் என்பது சாஸ்திரம். ஆகவே கட்டிக்கு இரண்டு கரண்டி மருந்து விட்டார்கள். அந்தத் தைரியத்தில் கலவையில் சிமெண்டைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டப்போகும் ஐந்து மாடிக்கும் ஒரே பாட்டில் போதும் என்று கணக்கு வந்தது.

கட்டிகளை வார்த்தவரின் மனைவிக்கு இந்த விஞ்ஞானம் சாப்பிடும் நேரத்தில்தான் தெரியவந்தது.

"கட்டிக்கு மட்டுந்தான் மருந்தா? அப்ப கட்டடத்துக்கு?"

"கட்டடத்தை யாரு மெஷின்ல வைக்கப்போறா?"

"நீங்க கேக்கலையாங்க?"

"கேட்டேன். 'நீ என்ன டாக்டரா? வேலையைப் பாருய்யா'ன்னுட்டாரு இஞ்சினியர்."

இரண்டாம் தளம் போட்ட அன்று அவர் மருந்தில்லாமல் ஒரு கட்டி கூடுதலாக வார்த்தார். இஞ்சினியர் பார்த்துவிட்டு, "இது என்னய்யா அநாதைக் கட்டி? தூக்கிப் போடு," என்றார். தூக்கிப் போடாமல் வீட்டுக்குத் தூக்கி வந்தார். கட்டியின் தலையில் தேதியும் 'இரண்டாம் தளம்' என்பதும் ஆணியால் கீறியிருந்தன. காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு அதை முட்டுக் கொடுத்தார்.

"கதவுக்கு வைக்க வேற கல்லே கிடைக்கலையா? தொட்டா உதிருது. பெருக்கி மாளல."

"பெருக்கு. ஆனா தூக்கிப் போட்டுடாத."

தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளைப் பிரித்த நாளில் இரண்டாம் தளம் இறங்கி வந்தது. கீழே அவர் நின்றிருந்தார்.

விசாரணைக் குழு மிகுந்த துக்கத்துடன் கூடி, தேநீர் அருந்தியது. கட்டிகளின் சான்றிதழ்கள் எல்லாம் முதல் தரம். ஒவ்வொன்றிலும் வார்த்தவர் என்ற இடத்தில் இறந்தவரின் கையெழுத்து. கான்கிரீட்டில் குறையில்லை, ஆகவே குறை அவர் நின்ற இடத்தில். 'இறந்தவரின் கவனக்குறைவு' என்று அறிக்கை தயார். அவர் மனைவி 'சம்மதம்' எழுதிக் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி.

அவள் வந்தாள். பையிலிருந்து கட்டியை எடுத்து, பளபளத்த மேசைமேல் வைத்தாள். ஒரு மூலை உதிர்ந்தது.

"என்னம்மா இது?" என்றார் குழுவின் தலைவர்.

"ரெண்டாம் தளத்துக் கட்டிங்கய்யா. அவரு வார்த்தது. இதையும் ஒரு தடவை நசுக்கிப் பாருங்க."

இஞ்சினியர் பதறி எழுந்தார். "சார், இது செல்லாது! இது தளத்துக்குப் போன கலவை. டெஸ்டுக்குப் போற கலவையே வேற."

தலைவருக்குப் போன உயிர் திரும்பியது. எழுத்தரைப் பார்த்துக் கம்பீரமாகச் சொல்லிக்கொண்டே போனார்:

"எழுதிக்குங்க. 'மேற்படி கட்டி, சோதனைக்குரிய கலவையால் செய்யப்படாமல், கட்டடத்தில் பயன்படுத்திய கலவையால் செய்யப்பட்டிருப்பதால், அதன் வலிமையைப் பரிசீலிக்க இயலாது என்று நிராகரிக்கப்படுகிறது.'"

எழுத்தர் எழுதி முத்திரை குத்தினார். படிக்காமல் கையெழுத்திடுவது தலைவரின் நெடுநாள் வழக்கம், அதன்படியே இட்டார்.

"நிராகரிச்சதுக்கு ஒரு நகல் குடுங்கய்யா," என்றாள் அவள்.

கொடுத்தார்கள். வரி வரியாகப் படித்தாள். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சம்மதத் தாளை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, கட்டியை எடுத்துப் பையில் போட்டாள்.

"எனக்கு இது போதும். மேசைமேல உதிர்ந்ததை மட்டும் நீங்களே பெருக்கிக்குங்க."