கோதிக் தேவாலயத்தில் மூன்று சுற்று

மாமனார் ஆகப்போகிறவருக்கு ஊர் சுற்றிக்காட்டச் சம்மதிக்கிறவனுக்கு அதன்பிறகு ஓய்வு என்பதே கிடையாது. இதை யாராவது முன்னாலேயே எனக்குச் சொல்லியிருக்கலாம். (சொன்னா மட்டும் கேட்டிருப்பேனாக்கும்!)

நான் கரூர்க்காரன், மெல்பனில் நர்ஸ். துர்கா யாழ்ப்பாணத்துப் பெண். எங்கள் கல்யாணத்துக்கு அவள் அப்பாவின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. மெல்பனின் புறநகரான டார்னெய்ட்டில் மூத்த மகள் வீட்டுக்கு வந்திறங்கிய அவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாப்பம்" என்றார். அந்த ஒரு சொல்லில் எங்கள் இருவருக்கும் தூக்கம் போயிற்று.

"அப்பா பாலம் கட்டின எஞ்சினியர். கட்டடம் எண்டால் உயிர். சிற்றியிலை இருக்கிற பெரிய சேர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போய் நாலு விசயம் விளங்கப்படுத்துங்கோ, ஆள் விழுந்திடுவார்" என்றாள் துர்கா.

ஷிஃப்ட் முடிந்த அலுப்போடு, கோதிக் கட்டடக்கலையைப் போனிலேயே படித்து முடித்தேன். கூர் வளைவு, விலா எலும்பு போலக் கோடு ஓடும் கூரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல். படித்ததெல்லாம் பிரான்ஸ் தேவாலயங்களைப் பற்றி. நான் காட்டப்போவதோ, வெள்ளைக்காரர்கள் இங்கே குடியேறிய பிறகு அதே பாணியில் கட்டியது. அந்த வித்தியாசம் என் தூக்கக் கலக்கத்தில் எங்கேயோ தொலைந்துவிட்டது.

சனிக்கிழமை காலை வாசலில் நின்று ஆரம்பித்தேன். "இது எண்ணூறு வருஷப் பழசு அங்கிள்."

"இந்த நாட்டிலையோ?"

"ஆமா அங்கிள்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதோடு வாயை மூடியிருக்கலாம். சுவருக்கு வெளியே கை நீட்டினாற்போல நின்ற கல் வளைவுகளைக் காட்டி, "அதெல்லாம் சுவரை வெளியேயிருந்து இழுத்துப் பிடிக்குது" என்றேன்.

"இழுக்கிறேல்லைத் தம்பி. கூரையின்ரை பாரம் சுவரை வெளியிலை தள்ளும். விழாமல் அது முண்டு குடுக்குது."

மூக்கு உடைந்தது. வாசலிலேயே அவர் ஷூவைக் கழற்ற, நானும் கழற்றினேன். மெல்பனின் ஜூலை மாதக் குளிரில் கல் தரை காலுறையைத் தாண்டிக் கடித்தது. இழந்த மானத்தை மீட்க ஒரே ஒரு விஷயம்தான் மிச்சம் இருந்தது.

"பீடத்துக்குப் பின்னால ஒரு நடை இருக்கு அங்கிள். அந்தக் காலத்துல ஐரோப்பாவுல யாத்திரை வந்த ஜனங்க பூசைக்கு இடைஞ்சல் இல்லாம சுத்திப் போறதுக்காக இப்படிக் கட்டினாங்க. நம்ம பிராகாரம் மாதிரி."

அன்றைக்கு நான் சொன்னவற்றில் உண்மை இது ஒன்றுதான். வினையும் இதனால்தான் வந்தது. அங்கிள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சுத்துவம்!" என்று வலமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் போய், பக்கவாட்டில் வந்து, பீடத்துக்கு முன்னால் கும்பிட்டு, ஒரு சுற்று. பூ அலங்காரம் செய்துகொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இரண்டாவது சுற்றில் கோட்டும் தொப்பியுமாக ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். "கூட்டம் வருது அங்கிள், போலாமா?"

"என்ன கதை கதைக்கிறீர்? ரெண்டோடை நிப்பாட்டப்படாது. மூண்டு சுத்தோணும்."

மூன்றாவது சுற்றில் நாங்கள் பீடத்துக்குப் பின்னால் இருந்தபோது ஆர்கன் முழங்கியது. பக்கவாட்டில் வெளியே வந்து பார்த்தால், பாதிரியார் நிற்கிறார், மாப்பிள்ளை நிற்கிறார், சபை முழுவதும் எழுந்து நிற்கிறது. நடுப்பாதையில் மணப்பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். சுற்றை முடிக்க வேண்டுமென்றால் இவர்கள் எல்லாருக்கும் குறுக்கே போக வேண்டும். (ஐயோ, சாமி!)

அங்கிளின் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு, தலைக்கு மேல் கைகூப்பியபடி நடந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நானும் கைகூப்பிக்கொண்டு பின்னால் போனேன். மணப்பெண் நின்றுவிட்டாள். போட்டோகிராபர் எங்களைப் படமெடுத்தார். அங்கிளோ மாப்பிள்ளை முன்னால் நின்று, நிதானமாக வலக்கையை உயர்த்தி, "சந்தோசமா இரும் தம்பி" என்று ஆசீர்வதித்தார். அந்தப் பையன் பேய்முழி முழித்துக்கொண்டு, "தேங்க் யூ" என்றான்.

கோட்டுப் போட்ட ஒருவர் எங்களைப் பணிவாக வாசல்வரை கொண்டுவந்து விட்டார். போச்சு, துர்காவும் போச்சு, எல்லாம் போச்சு என்று படியில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டினேன்.

ரயிலில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். பிறகு, "தம்பி, உமக்குக் கட்டடத்தைப் பற்றி ஒரு கோதாரியும் தெரியாது" என்றார்.

"தெரியாது அங்கிள்."

"ஆனால் கடைசிச் சுத்திலை என்னை விட்டிட்டு நீர் ஓடியிருக்கலாம். ஓடேல்லை. அது காணும் எனக்கு, வேறை ஒண்டும் வேண்டாம். பிள்ளைக்கு போன் பண்ணிச் சொல்லும்."

போன் செய்தேன். எதிர்முனையில் துர்கா ஹலோ ஹலோ என்று கத்துகிறாள், எனக்கு அழுகைதான் வருகிறது. அங்கிளே போனைப் பிடுங்கிச் சொன்னார்.

கேரம் டவுன்ஸ் கோயிலில் எங்கள் கல்யாணம் நடந்தது. துர்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியை வலம்வர எழுந்தேன். மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, மாமாவாகிவிட்ட அங்கிள் குரல் கொடுத்தார்: "தம்பி, இது உம்மடை கலியாணம்தான். அவசரமில்லை, ஆறுதலாச் சுத்தும்!"

முடிந்தது கதை. இப்போது எந்த ஷாப்பிங் சென்டரிலும் காரை நிறுத்த இடம் தேடி நான் நாலாவது தடவை சுற்றும்போது, பின்சீட்டிலிருந்து என் மகள் சொல்கிறாள்: "ஆறுதலாச் சுத்துங்கோ, அப்பா."