கூடத்துத் தரையில் ஒரு குளியலறை

உலகத்தில் குளிக்கிறவர்கள் உண்டு. குளிக்கச் சோம்பல்படுகிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. குளியலறையைத் திட்டமிடுகிறவர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். விருந்துக்கு அழைத்துப் பாருங்கள். கைகழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போவார், வெகுநேரம் வரமாட்டார். வயிற்றுக்கு ஏதோ என்று நீங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது, உள்ளே சுவரைத் தட்டிப்பார்க்கும் ஓசை கேட்கும். பிறகு வெளியே வந்து, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்: "தண்ணி ஓடறதுக்குத் தரைக்கு வாட்டம் யார் வெச்சது?"

நம்மவர் அந்த இனத்தின் தலைமகன். அவர் வீட்டுக் குளியலறையில் குழாய் ஒழுகுகிறது. மழை பெய்தால் கதவு உப்பிக்கொள்கிறது. தாழ்ப்பாள் கழன்று விழுந்துவிட்டதால், உள்ளே இருப்பவர் பாட்டுப் பாடித்தான் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். சரிசெய்வாரா? "முழுசா பண்ணும்போது பண்ணிக்கலாம்." குழாயடியில் ஒரு வாளியை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

முழுசாகப் பண்ணுவது என்றால் சும்மாவா? கடை கடையாக ஏறி இறங்கி, டைல்ஸ் மாதிரிகளைச் சுமந்துவந்து, அலமாரியில், ஜன்னல் விளிம்பில், மகளின் பாடப்புத்தகங்களுக்கு நடுவில் என்று அடுக்கி, காலை வெயிலில் ஒருமுறை, மாலை வெயிலில் ஒருமுறை, நனைத்து ஒருமுறை, சோப்பு தடவி ஒருமுறை பார்த்து, கடைசியில் தீர்ப்பு சொல்வார்: "வெள்ளைதான். ஆனா இந்த வெள்ளை இல்ல."

ஒருநாள் சோபாவை ஓரங்கட்டிவிட்டு, வரப்போகும் குளியலறையைச் சாக்பீஸால் கூடத்துத் தரையில் அசல் அளவில் வரைந்தார். நமக்கு அது கோடு. அவருக்குச் சுவர். வீட்டம்மா டீயுடன் குறுக்கே வந்தார், நம்மவர் பதறினார்.

"சுவர் வழியா வராதே! கதவு அந்தப் பக்கம்."

"கதவு திறந்திருக்கா, சாத்தியிருக்கா?"

"உள்ள ஆள் குளிக்கறதா வெச்சுக்கோ."

"அப்ப குளிச்சிட்டு வெளிய வந்து டீயை எடுத்துக்குங்க."

இந்தச் சமயத்தில்தான் மாமனாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, மகளான வீட்டம்மாவிடம் வந்து தங்குவதாக ஏற்பாடாயிற்று. "குளியலறையில பிடிச்சுக்க ஒரு கைப்பிடி மாட்டிடுங்க. இன்னொரு தடவை விழுந்தா தாங்காது" என்றார் மருத்துவர். வீட்டம்மா அன்றே வந்து சொன்னார். ஒரு கம்பி, சில திருகாணிகள். நம்மவர் புன்னகைத்தார். கைப்பிடி குழாயோடு பொருந்த வேண்டும், குழாய் டைல்ஸோடு, டைல்ஸ் வெளிச்சத்தோடு, வெளிச்சத்துக்கு ஜன்னல் வேண்டும், ஜன்னல் எந்தச் சுவரில் என்பது இன்னும் ஆலோசனையில் இருந்தது. அவசரப்பட முடியுமா?

மாமனார் வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். சற்று இளைப்பாறியதும் அவருக்குக் கிடைத்த முதல் மரியாதை, கூடத்துக் குளியலறையைச் சுற்றிப்பார்ப்பது.

"மாமா, இதுதான் வாசல். உங்களுக்காகவே படியை எடுத்துட்டேன்."

"நல்லது மாப்பிள்ளை."

"இங்க ஷவர். வாக்கரை அங்கேயே விட்டுடுங்க, இந்தச் சுவர்ல கைப்பிடி."

மாமனார் மரியாதை தெரிந்த மனிதர். மாப்பிள்ளை காட்டிய இடத்தில் கையை நீட்டி, உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்த்தார். அங்கே காற்றுதான் இருந்தது. வீட்டம்மா இரண்டு சுவர்களைத் தாண்டிப் பாய்ந்து வந்து அப்பாவைத் தாங்கிக்கொண்டார். கதவு வழியாக ஏன் வரவில்லை என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை.

மூச்சு திரும்பியதும் மாமனார் மெல்லக் கேட்டார்: "கைப்பிடி எங்க மாப்பிள்ளை?"

"அது... இன்னும் முடிவாகல மாமா."

வீட்டம்மா அப்பாவை மெல்ல உள்ளே அழைத்துப்போனார். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்கு அதன் பொருள் தெரியும். மறுநாள் நம்மவர் புதிதாக வந்திருக்கும் ஒரு வெள்ளையைப் பார்க்கக் கிளம்பியதும், வீட்டம்மா பிளம்பரைக் கூப்பிட்டு, பழைய சுவரில், கடையில் முதலில் கைக்குக் கிடைத்த கைப்பிடியை மாட்டச் சொன்னார். "வந்ததுதான் வந்தீங்க, அந்தத் தாழ்ப்பாளையும் ஒரு கை பாத்துடுங்க."

நம்மவர் திரும்பி வந்தபோது மாமனார் குளித்துக்கொண்டிருந்தார். பாட்டுச் சத்தம் இல்லை. நம்மவர் கதவை லேசாகத் தள்ளிப்பார்த்தார், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மாமனார் வெளியே வந்ததும், சாய்வு பார்க்கும் ரசமட்டத்தோடு உள்ளே புகுந்தார். கைப்பிடி நூலளவு சாய்ந்திருந்தது. குழாய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "நான் அப்பவே சொன்னேன்..." என்று ஆரம்பித்து, சாய்வை இன்னும் நன்றாகப் பார்க்க ஓரடி பின்வாங்கினார். தரையில் சோப்பு நுரை.

விழவில்லை. இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். எதை என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

"என்னங்க அங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல. கெட்டியா இருக்கான்னு பாத்தேன்."

"இருக்கா?"

"இருக்கு. முழுசா பண்ற வரைக்கும்... இருந்துட்டுப் போகட்டும்."

வீட்டம்மா கூடத்தில் ஈரத்துணியால் ஒரு சுவரை இடித்துக்கொண்டிருந்தார்.

இதுவரை சிரித்த உங்களை ஒன்று கேட்கலாமா? உங்கள் வீட்டில் குழாய் ஒழுகவில்லையே? ரொம்ப சந்தோஷம். அப்படியானால் அதற்கடியில் அந்த வாளி எதற்கு?