டேப்பட் மூடியைக் கழற்றிய மாப்பிள்ளை

காருக்கு அடியில் படுத்துக்கொண்டால் எனக்கு நன்றாகப் பேச வரும். எழுந்து நின்றால் வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனவன் நான். மனித முகங்களைவிட நான் அதிகம் பார்த்தது ஆயில் சேம்பர்களைத்தான். அவற்றில் ஒன்றுகூட என்னைத் திருப்பிப் பார்த்து, "ஏன் பேசவே மாட்டேங்கறீங்க?" என்று கேட்டதில்லை.

இந்தக் குணத்தால் என் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் குனிந்த தலை நிமிராமல் பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வீட்டில், "பையனுக்குப் பேச்சு வருமில்ல?" என்று தரகரிடம் கேட்டே விட்டார்கள். (தரகருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது.) எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உழவர்கரையில் பெண் பார்க்கக் கிளம்பியபோது அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"டேய், இந்த வாட்டியும் வாயத் தொறக்காம வந்தன்னா, உனக்குப் பொண்ணு தேடுற வேலைய இதோட வுட்டுட்டேன். நீயாச்சு, உன் காராச்சு."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்காக அவள் ஏறி இறங்காத வீடில்லை. அம்மா, அப்பா போன பிறகு எனக்காகப் பெண் கேட்க அவளை விட்டால் ஆளும் இல்லை.

பெண்ணின் பெயர் வேதவல்லி. அவளுடைய அப்பா வாடகைக் கார் ஓட்டுபவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு முன்னாள் சிப்பாயிடம் (எங்கள் பக்கம் சொல்தா என்போம்) வாங்கிய பழைய டீசல் கார், வேப்பமரத்தடியில் சந்தனப் பொட்டும் மாலையுமாக நின்றிருந்தது. அன்றைக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் யாரையும் அது மதித்ததாகத் தெரியவில்லை.

உள்ளே எல்லாம் வழக்கப்படி நடந்தது. வேதவல்லி காபி கொண்டுவந்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன். "ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்க தம்பி" என்றார் அவள் அப்பா. டம்ளரையே இன்னும் உற்றுப் பார்த்தேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். "ம்" என்றேன். (அந்த வீட்டுக்குள் அன்று நான் பேசிய மொத்தப் பேச்சு அதுதான்.)

கொஞ்ச நேரத்தில் மற்றவர்களுக்கும் பேச எதுவும் இல்லாமல் போயிற்று. "சரி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே கொண்டாந்து வுட்டுடறேன்" என்று வேதவல்லியின் அப்பா எழுந்தார். அந்த மரியாதைக்கு என்ன பொருள் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

அவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். இன்ஜினின் முன்பக்கத்தில் இருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின வாரம், ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு டீசல் காரில், வால்வுகளை ஓட்டும் டைமிங் செயின் தேய்ந்திருப்பதை வெறும் சத்தத்தை வைத்தே நான் கண்டுபிடித்திருந்தேன். மேஸ்திரி எல்லோர் எதிரிலும் என் முதுகில் தட்டினார். அன்றிலிருந்து என் காதுக்கு எல்லாமே டைமிங் செயின்தான். அக்கா மிளகாய் அரைத்தாலும் டைமிங் செயின், பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் ஓடினாலும் டைமிங் செயின்.

"நிறுத்துங்க!" என்றேன்.

பேசியது யார் என்று எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள்.

"டைமிங் செயின் தேஞ்சுபோச்சுங்க. இனிமே இத ஓட்டக் கூடாது. செயின் பல்லு தாண்டுச்சுன்னா வால்வு போயி பிஸ்டன்ல இடிக்கும். இன்ஜினே போயிடும்."

"தம்பி, நாளைக்குக் காலைல வேளாங்கண்ணி சவாரி இருக்குது" என்றார் அவர். "என் வண்டியப் பத்தி எங்கிட்டயே சொல்றியா?"

"நம்பலன்னா காட்டவா?"

காட்டுவது சுலபம். இன்ஜினின் அடிப்பக்கம் இருக்கும் கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் லேசாக அசைக்க வேண்டும். செயின் சரியாக இருந்தால், மேலே வால்வை அமுக்கும் ராக்கர் உடனே அசையும். தேய்ந்திருந்தால், தொங்கும் செயின் இழுபட்டு இறுகிய பிறகுதான் அசையும். அவர் வாயைத் திறப்பதற்குள் டிக்கியில் இருந்த ஸ்பானர்களை எடுத்து, ராக்கர்களுக்கு மேலிருக்கும் டேப்பட் மூடியைக் கழற்றிவிட்டேன். பட்டு வேட்டியோடு காருக்கு அடியில் போய்ப் படுத்தேன். மேலே பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே? சுற்றி நின்ற அவர்கள் வீட்டு வெள்ளை வேட்டி ஆண்களெல்லாம் பின்வாங்கினார்கள்.

"நான் பாக்கறேன்" என்றாள் வேதவல்லி.

"ஆடுதா?" என்றேன் கீழேயிருந்து.

"ஆடுது."

"ஒடனேவா?"

"ஒடனேதான்."

"திருப்பி அசைக்கறேன். இப்ப?"

"இப்பவும் ஒடனே ஆடுதுங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கொஞ்சம் கழிச்சுத்தான ஆடணும்?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தாங்க இருக்குது. நீங்க ஆசப்படறீங்கன்னு அது லேட்டா ஆடுமா?"

(ஒரு பெண்ணோடு நான் அதுவரை பேசியதிலேயே நீளமான உரையாடல் இதுதான்.)

செயின் கச்சிதமாக இருந்தது. வெளியே வந்து மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அதே கரகர. வேதவல்லி துணி காயவைக்கும் மூங்கில் கழியை எடுத்துவந்து, இன்ஜினின் முன்பக்கம் கரண்ட் எடுக்கும் டைனமோவை அழுத்தினாள். சத்தம் நின்றது. கழியை எடுத்தாள். திரும்ப வந்தது.

"இதோட போல்ட்டு அடிக்கடி லூசாவும். அப்பா வண்டிய எடுக்கறதுக்கு முன்ன நான் டைட் பண்ணிடுவேன். இன்னிக்கு இவங்க வராங்கன்னு பட்டுப்பொடவ கட்டிக்கினேனா, வுட்டுட்டேன்."

பூமி பிளக்கவில்லை. அதனால் நானே, "செயின் நல்லா இருக்குதுங்க. நான் சொன்னது தப்பு" என்று காரின் முன்விளக்கைப் பார்த்துச் சொன்னேன்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அவசரமாகக் கழற்றியதில் மூடிக்கு அடியில் இருந்த கார்க் பேக்கிங் கிழிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் ஓடியதற்கே ஆயில் வழிந்து வாசல் கோலம் வரை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. காலையில் வேளாங்கண்ணி.

"வெடியறதுக்குள்ள புதுப் பேக்கிங்க நானே வெட்டிக் கொண்டாந்து போட்டுடறேன்" என்றேன். எங்களை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடவும் இப்போது வண்டி இல்லை. நடந்தோம். எங்கள் தெருமுனைக்கு வந்ததும் அக்கா சொன்னாள்: "உன்னப் பேசச் சொன்னது ஏந்தப்புடா."

விடியற்காலையில் சைக்கிளில் போய்ப் புதுப் பேக்கிங்கை வைத்து மூடியை மாட்டினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவர் குனிந்து பார்த்தார், துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"சவாரி முடிஞ்சதும் உங்க அக்காவ வந்து பாக்கறேன். தப்புன்னு தெரிஞ்சதும் தப்புன்னு சொல்ற ஆம்பளைய இந்தத் தெருவுல எம்பொண்ணு பாத்ததே இல்லியாம். ஆனா ஒண்ணு. இனிமே என் வண்டி மூடில கைய வெச்ச, மாப்பிள்ளைன்னும் பாக்க மாட்டேன்."

அன்றிலிருந்து வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், வேதவல்லி வேலையை நிறுத்தாமல், "மொதல்ல டைனமோவப் புடிச்சுப் பாருங்க" என்பாள். பிள்ளைகளும் அதைக் கேட்டே வளர்ந்தார்கள்.

பல வருஷம் கழித்து எங்கள் பெண்ணைப் பார்க்க ஒரு பையன் வந்திருந்தான். நல்ல பையன். காபி டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் "ம்". அவன் அம்மா தவித்துப்போய்விட்டாள். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வேதவல்லி என் பக்கம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்:

"போயி வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. தம்பி பேசுதான்னு பாப்போம்."