துரைக்கு வரைந்த பற்கள்

பசியாவரத்துச் சிங்காரம் ஒரு நாள் காலைக் கஞ்சியைக் குடித்து முடித்ததும், இனித் தன் வாழ்க்கை தன்னுடையது அல்ல, வாயில்லா ஜீவன்களுடையது என்று முடிவு செய்தான். முடிவைச் சொல்வதற்கு முன் வாயைத் துடைத்துக்கொண்டான். பெரிய விஷயம் பேசும்போது தாடியில் பருக்கை இருக்கக் கூடாது.

"மே, நான் தருமம் பண்ணப் போறேன்."

வலைப் பொத்தலை அடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி செல்வம்மாள் தலை நிமிரவில்லை. "இன்னாத்த வெச்சி?"

"கைய வெச்சி. லோகாம்பாள் கொட்டாயில கீற ஜீவனுக்கெல்லாம் படம் வரையப் போறேன். காசு வாங்காம."

"நீ எப்ப காசு வாங்கி வரைஞ்ச? இப்ப புதுசா தருமம்னு பேரு வெக்கிற?"

அது பொய்யில்லை. படகு முகப்பில் சுண்ணாம்பும் காவியும் குழைத்துக் கண் எழுதுவதில் ஊரை ஒட்டிய ஏரியில் சிங்காரத்தை மிஞ்ச ஆளில்லை. கண்ணைத் திறந்துவிட்டு அவன் வாங்கி வருவதெல்லாம் ஒரு வாய் வெற்றிலையும் "கை ராசியான கை" என்ற பேரும்தான். அந்தப் பேரை எந்த அடுப்பில் வைப்பது என்று செல்வம்மாளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஏரிக்கு அக்கரையில், பழவேற்காட்டில், ஒல்லாந்துக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. அவர்களுடைய கப்பல் வரும்போது எலி பிடிக்கப் பூனை, காவலுக்கு நாய், கறிக்கு வாத்து என்று பாதிக் காடு ஏறி வரும். திரும்பும்போது துணி மூட்டைகளுக்கு இடம் வேண்டுமே! மிச்சமிருந்த ஜீவன்களைக் கரையில் இறக்கிவிட்டு, பாயை விரித்துப் போய்விடுவார்கள். அந்தக் கரையில் இருந்த நெல் வியாபாரியின் மனைவி லோகாம்பாள் மனசு கேட்காமல் அவற்றையெல்லாம் தன் காலி நெல் கொட்டகையில் சேர்த்துக் கஞ்சி ஊற்றி வந்தாள். கஞ்சி கேட்கிற வாய் பெருகியதே தவிர, எடுத்துப்போக ஒரு கை வரவில்லை. தை அறுப்புக்குள் கொட்டகை காலியாக வேண்டும் என்று வீட்டுக்காரர் கெடு வைத்துவிட்டார். அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு ஜீவனையும் துணியில் வரைந்து படகுத்துறையில் தொங்கவிட்டால், பார்க்கிறவர்கள் ஆசைப்பட்டு வரமாட்டார்களா? வரைய ஆள் தேடினாள். சிங்காரம் ஓடிப்போய் முன்னால் நின்றான்.

தருமம் பாதி உண்மை. மீதி உண்மைக்கு நாலு கால்.

கொட்டகையில் ஒரு செவலை நாய் இருந்தது. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், ஒரு காது படுத்திருக்கும். கோட்டைக்கார வெள்ளைத் துரைக்குச் சொந்தமாக இருந்ததால் அதற்கும் துரை என்றே பேர் நிலைத்துவிட்டது. முதல் நாள் சிங்காரம் வரைய உட்கார்ந்ததும், அது வந்து அவன் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான், மனிதன் உருகிவிட்டான். மகளைக் காட்டுப்பள்ளியில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் அவன் பேச்சைக் கேட்க ஒரு ஜீவனில்லை. மகள் இருந்தபோதும் இல்லை என்பது வேறு விஷயம். துரையோ அவன் "உட்காரு" என்றால் உட்கார்ந்தது. "எழுந்திரு" என்றால் எழுந்தது. சிங்காரத்தின் வாழ்க்கையில் இப்படி நடந்ததே கிடையாது.

வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம். ஆனால் வீட்டு வாசலில் செல்வம்மாளின் கருவாடு காய்கிறது. அவளுடைய சட்டம் ஊருக்கே தெரியும்.

"கருவாடு காயிற எடத்துல நாயி கால வெச்சா, அதோட நாலு காலு, அத இட்டாந்தவனோட ரெண்டு காலு, ஆறையும் ஒடிச்சி அடுப்புல வெப்பேன்!"

ஆகவே சிங்காரம் ஒரு திட்டம் போட்டான். மற்ற ஜீவன்களை அழகு சொட்ட வரைவது. அவை ஒவ்வொன்றாகப் போய்விடும். துரையை மட்டும் பார்க்கிறவர்கள் பயந்து ஓடும்படி வரைவது. கடைசியில் கொட்டகையில் துரை ஒருவன்தான் மிஞ்சுவான். லோகாம்பாள் கையைப் பிசைந்துகொண்டு, "செல்வம், நீயாவது எடுத்துக்கோம்மா" என்பாள். லோகாம்பாள் தினமும் செல்வம்மாளிடம்தான் மீன் வாங்குகிறாள். நாள் தவறாத வாடிக்கையை எந்த மீன்காரி முறித்துக்கொள்வாள்? இப்படி ஒரு மூளை தனக்குள் இத்தனை வருடம் சும்மா கிடந்ததே என்று சிங்காரம் வருத்தப்பட்டான்.

திட்டம் நன்றாகவே நடந்தது. பூனைகளைப் புலிக்குட்டியாக வரைந்தான். ஐந்தும் இரண்டே நாளில் பசியாவரத்துக்குப் படகேறிவிட்டன. வாத்தை அன்னமாக வரைந்தான். புதுசாகக் கல்யாணமான வீட்டில் வாங்கிப்போனார்கள். கழுதையை எப்படி வரைந்தானோ, காட்டுப்பள்ளியிலிருந்து ராஜவேலு என்பவர் குதிரை என்றே நம்பி வந்துவிட்டார். நேரில் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம்.

"இன்னாப்பா, படத்துல காது இத்தினி நீளம் இல்லியே?"

"வளர்ற வயசுங்க" என்றான் சிங்காரம்.

துரையின் படம் மட்டும் துறையில் தனியாகத் தொங்கியது. விலா எலும்பு எண்ணலாம். கண் இரண்டும் சிவப்பு. வாய் முழுக்கப் பல். கீழே ஒரு கடிபட்ட காலையும் வரைந்து வைத்திருந்தான். அது யாருடைய கால் என்று கேட்டவர்களுக்கு அவன் பெருமூச்சையே பதிலாகச் சொன்னான். ஜனங்கள் படத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று மீன் கூடையோடு துறைக்கு வந்த செல்வம்மாள் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இன்னாய்யா இது, நரியா?"

"நாயி மே."

"இத்தினி பல்லா?"

"இன்னும் கீது. துணியில எடம் பத்தல."

"கடிக்குமா?"

"கடிக்குமாவா? கடிச்சிட்டுத்தான் யாருன்னே பாக்கும்."

"பாவம். இத்த யாரு எடுப்பாங்க?"

"யாருமே எடுக்க மாட்டாங்க" என்றான் சிங்காரம். துக்கமாகத்தான் சொல்ல நினைத்தான். குரல் எப்படியோ சந்தோஷமாக வெளியே வந்துவிட்டது.

செல்வம்மாள் படத்தை ஒரு தரம் பார்த்தாள். புருஷனை ஒரு தரம் பார்த்தாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். இருபது வருடம் குடித்தனம் நடத்தியவன் அந்த மௌனத்துக்குப் பயந்திருக்க வேண்டும். சிங்காரமோ இன்னும் இரண்டு பல் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கொட்டகைக்குப் போனால் துரை இல்லை.

"எடுத்துட்டுப் போயிட்டாங்களே!" என்றாள் லோகாம்பாள், முகமெல்லாம் சிரிப்பாக. "நேத்தே கேட்டு வெச்சி, இன்னைக்கு விடியறப்ப வந்து கூட்டிட்டுப் போனாங்க."

"யாரு?"

"பேரு சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

படகைத் தள்ளிக்கொண்டு ஏரியைக் கடந்தவனுக்குத் துடுப்பு எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியவில்லை. அந்தப் படத்தைப் பார்த்த பிறகும் எடுத்துப்போகிறவன் எப்பேர்ப்பட்ட முரடனாக இருப்பான்! துரையைக் கட்டிப்போட்டு அடிப்பானோ, பட்டினி போடுவானோ? கண்ணீரே வந்துவிட்டது.

வீட்டு வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவே, நாலு காலும் முழுசாக, துரை படுத்திருந்தது.

இவனைக் கண்டதும் அது பாய்ந்து வந்து மார்பில் காலை வைத்து முகமெல்லாம் நக்கியது. செல்வம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சிங்காரம் சட்டென்று சுதாரித்து, "ஐயோ, கடிக்குது!" என்று கத்தினான்.

"கடிக்குதா, நக்குதா?"

"இது... கடிக்கிறதுக்கு முன்னாடி நக்கிப் பாக்கும்."

"உப்பு போதுமான்னா?" என்றாள் செல்வம்மாள். "யோவ், இருபது வருசமா மீன் விக்கிறேன். நல்ல மடவையைக் கூடைக்கு அடியில வெச்சி, நொந்த மீனை மேல பரப்பி வெக்கிறவ நானு. வேண்டியவங்க வர்ற வரிக்கும் மத்தவங்க கண்ணுல அது படக் கூடாது. நீ எனக்கே அடிக்கூடை காட்டறியா? கழுதையவே குதிரையா வரைஞ்ச கையி, ஒரு நாய மட்டும் பேயா வரையிதுன்னா இன்னா அர்த்தம்?"

சிங்காரம் துரையைப் பார்த்தான். துரை செல்வம்மாளைப் பார்த்தது. இந்த வீட்டில் எசமான் யார் என்று அதற்கும் புரிந்துவிட்டது போலிருந்தது.

"நாயி ஆகாதுன்னு நீதான மே சொன்ன?"

"சொன்னேன். அப்பால நீ வூட்டுக்கு வூடு அஞ்சு புலிக்குட்டி குடுத்தியே, அஞ்சும் பொழுதுக்கும் எங்க கீது? என் கருவாட்டு மேல! தொரத்த ஒரு ஆளு வேணும். நீ தொரத்தினா அதுங்க நகருதா?"

"அப்ப துரை நம்மளோடயே இருக்குமா?" என்றான் சிங்காரம். தோற்பது கூட இவ்வளவு இனிக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

"நம்மளோட இல்ல. என்னோட. இட்டாந்தவ நானு. கருவாட்டுக் காவலுக்கு வந்தது, உன் கூட ஏரிக்கு வராது, உன் காலுல படுக்காது."

"மே, அது மட்டும் வேணாம் மே. நீ இன்னா சொன்னாலும் செய்றேன்!"

செல்வம்மாள் யோசிப்பது போல நின்றாள். பிறகு உள்ளே போய் ஒரு வெள்ளைத் துணியும் கரித்துண்டும் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பூனைய வரைஞ்ச, வாத்த வரைஞ்ச, கழுதைக்குக் கூட எடம் குடுத்த. கட்னவள ஒரு நாளு வரைஞ்சியா? வரை. முடிச்சிக் குடுத்தா நாயி உன்னுது."

இவ்வளவுதானா! சிங்காரத்துக்கு உயிர் வந்தது. "ஊரே அசந்து போற மாரி அழகா வரையிறேன் பாரு" என்று கரித்துண்டை எடுத்தான்.

"வரையேன். ஆனா ஒண்ணு" என்றாள் செல்வம்மாள். "அழகா வரைஞ்சதெல்லாம் நீ அடுத்த வூட்டுக்குத் தள்ளிவுட நெனச்சது. அசிங்கமா வரைஞ்சதுதான் நீ கூடவே வெச்சிக்க ஆசைப்பட்டது. என்னை எப்புடி வரையப் போறேன்னு நான் பாக்கறேன்."

கரித்துண்டு அந்தரத்தில் நின்றது.

இன்றோடு பத்து நாளாகிறது. சிங்காரம் இதுவரை மூக்குத்தியை மட்டும்தான் வரைந்திருக்கிறான்.