பெண் பார்க்க வந்தவர்களும் ஒரு நட்சத்திரத்தின் சாவும்

என் செல்போன் எப்போதும் அதிர்வில்தான் இருக்கும். நாகரிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை வேறு: ஒரே சத்தத்தில் அந்தமானின் ஹேடோ குடியிருப்பையே மேட்டுக்கு ஓட வைத்த மகான் நான்.

சுனாமி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் மெயின்லேண்டில் ஆராய்ச்சி மாணவன், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் சாகும்போது சில வினாடிகள் காமா கதிர் பீறிடும். பிறகு மிஞ்சுகிற எக்ஸ் கதிர் ஒளி மெல்ல மங்கும். அந்த மங்கலைப் பின்தொடர்வதுதான் என் வேலை. அப்படியொரு வெடிப்பைச் செயற்கைக்கோள் கண்டவுடன் எங்கள் குழுவுக்கு எஸ்.எம்.எஸ். வரும், முறைக்காரர் உடனே கணினி முன் உட்கார வேண்டும். அந்த வாரம் என் முறை. தவறிவிடக் கூடாதென்று சைரன் சத்தம் வைத்திருந்தேன். (அறிவுக்கொழுந்து!) கடலை ஒட்டிய வீடு, அலை வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வாசலுக்கு வாசல் ரேஷன் கார்டோடு தொங்கும் ஓட்டப் பை, இதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை.

அன்று அக்காவைப் பெண் பார்க்க திக்லிபூரிலிருந்து வந்திருந்தார்கள். இரண்டு வரன்கள் தட்டிப்போன பிறகு, அக்காவுக்கே பிடித்து வந்த வரன்.

“இன்னிக்காவது வாய மூடிட்டு இருடா,” என்றாள் அக்கா.

நான் மூடிக்கொண்டுதான் இருந்தேன். சட்டைப்பை அலறியது.

“பானி! பானி ஆ ரஹா ஹை! தண்ணி வருது, ஓடுங்க!” என்று பக்கத்து வீட்டில் கத்தினார்கள். அப்பா பையை எடுத்தார், மாப்பிள்ளை என் அம்மாவைத் தூக்கினார். “தண்ணி இல்ல, நட்சத்திரம்!” என்று நான் கத்தியதை நின்று கேட்க யாருமில்லை.

பிறகு சத்தமே இல்லை. மின்விசிறி சுற்றியது. எட்டு டம்ளரிலும் டீ ஆவி விட்டது. நாய்கள்கூடப் போய்விட்டன. திரும்பி வந்து என்னைக் கொல்வதற்குள் வேலையை முடிப்போம் என்று கணினியைத் திறந்தேன். திரையில் அந்த ஒளியின் அளவைக் காட்டும் புள்ளிகள் ஒவ்வொன்றாக இறங்கின. மங்கியது. இன்னும் மங்கியது. திடீரென்று ஒரு புள்ளி மேலே ஏறியது. செத்தது மறுபடி மினுங்கியது.

“தண்ணி வரலியா?”

திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா, ஜன்னல் பக்கம் கடலைப் பார்த்தபடி, பட்டுப்புடவையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருடைய மூத்த மகன் கார் நிகோபாரில் அலையோடு போனவர். உடல் கிடைக்கவில்லை.

“நீங்க ஓடலியா அத்த?”

“வந்தா அவனும் கூட வருவான்ல. அதான் உக்காந்துட்டேன்.”

தண்ணீர் இல்லை, எப்போதோ செத்த நட்சத்திரத்தின் ஒளி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது என்று உளறினேன். அவர் திரையருகே வந்தார்.

“செத்தப்புறம் எம்புட்டு நாள் தெரியும்?”

“சிலது ஒரு நாள். சிலது வாரக்கணக்கா.”

“அம்புட்டுத்தானா,” என்றார்.

ஊரே மேட்டில் நிற்க, கீழே ஓடி வந்தவர்கள் இரண்டே பேர். மாப்பிள்ளை, அம்மாவைத் தேடி. அக்கா, என்னைத் தேடி. அக்கா வந்த வேகத்தில் என் கன்னத்தில் ஒன்று விட்டாள். மாப்பிள்ளை அதைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார். அன்றே நிச்சயம் ஆனது.

இன்றும் என் போன் அதிர்ந்தால் வீட்டில் எல்லோரும், “ஓடணுமா, உக்காரணுமா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். அத்தை மட்டும் சிரிக்க மாட்டார். சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, மெதுவாகக் கேட்பார்:

“இன்னும் தெரியுதாப்பா?”