சேதுபதியின் வழுவழு கோடு

பொறாமையில் லாமியாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"இதுல்ல கோடு! எல்லாப் புள்ளியையும் தொட்டுக்கிட்டு, வெண்ணெயில விரல் ஓடுன மாதிரி எப்படிப் போகுது பாருங்க!" மேனேஜர் மலையாண்டி மெச்சிக்கொண்டிருந்தது சேதுபதியை.

பாம்பன் கடலில் ஆழம் அளக்கிற சின்ன கம்பெனி அது. அளந்த புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் போட்டால், அத்தனையையும் தொட்டபடி ஒரு வளைகோடு வரும். ஸ்ப்ளைன் என்று பேர். புதிதாகச் சேர்ந்த லாமியா, சேதுபதி இருவரில் கோடு யாருக்கு நன்றாக வருகிறதோ அவருக்கு வேலை நிரந்தரம். மற்றவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வெயிலில் கருகி, அலையில் நனைந்து அளந்துவந்த புள்ளிகளைப் போட்டு லாமியா பட்டனைத் தட்டினாள். கோடு புள்ளிகளைத் தொட்டது என்னவோ நிஜம். ஆனால் நடுவில் எகிறிக் குதித்துத் தண்ணீருக்கு மேலேயே வந்துவிட்டது.

"என்னம்மா, நடுக்கடல்ல மலை முளைச்சிருக்கு?" என்றார் மலையாண்டி.

சேதுபதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கணுமே!

விடுவாளா? ஒரு புள்ளியைத் தூக்கினாள். மலை இரண்டானது. இட்டுக்கட்டி நாலு புள்ளியைச் சொருகினாள். கோடு பேய் பிடித்த மாதிரி ஆடியது.

"யா அல்லாஹ்! அவனுக்கு மட்டும் கடல் எப்படி இவ்வளவு ஒழுங்காக் கிடக்கு?"

"கோட்டுல என்ன இருக்கு லாமியா? அளக்குறப்பவே பொறுப்பா அளக்கணும்," என்று சேதுபதி புத்தி வேறு சொன்னான். பாவி!

"வேலை சேதுபதிக்குத்தான்," என்று மலையாண்டி முடித்துவிட்டார்.

லாமியாவுக்கு அழுகை முட்டியது. "சார், போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. இவரு அளந்த இடத்தை நான் கண்ணால பாக்கணும்."

"பாத்துக் கத்துக்க, வா!" மலையாண்டி இருவரையும் படகுத்துறைக்குக் கூட்டிப் போனார். சேதுபதி பின்தங்கிப் பின்தங்கி வந்தான்.

கம்பெனி போட்டை ஓட்டுகிற இருளாண்டி கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இவர எந்தப் பக்கமாக் கூட்டிட்டுப் போனீக? அங்கனயே என்னையும் கூட்டிட்டுப் போங்க," என்றாள் லாமியா.

இருளாண்டி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தத் தம்பி எங்க தாயி கடலுக்கு வந்துச்சு? போட்டுல கால வச்சதுமே வாந்தி எடுத்துட்டு, இங்கனயே உக்காந்து மொதல்ல கோட்டப் போட்டுச்சு, பொறவு அது மேல ஒவ்வொரு புள்ளியா வச்சுச்சு!"